சீனியில்லாத நத்தார் தாத்தா

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகப் பிறந்திருக்க வேண்டியது. அப்படிப் பிறந்திருந்தால் ஒரு பக்கத்தோடு முடிந்திருக்கும். உங்களுக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்க, நவம்பர் கடைசியில் டிலோஜினி மிஸ் என்னைக் கூப்பிட்டார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரருக்கான கிளினிக் ஒன்றில் தாதியாக இருக்கிறவர். (எந்தக் கிளினிக் என்று சொல்லமாட்டேன். மன்னார் சின்ன இடம். நான் கிளினிக்கைச் சொன்னால் நீங்கள் ஆளைச் சொல்லிவிடுவீர்கள்.)

“நத்தார் வருகுது. சனம் பலகாரத்துக்குள்ள விழப்போகுது. எதைத் தின்னலாம், எதைக் குறைக்கலாம் எண்டு ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோ. வடிவான தமிழ் வேண்டாம். விளங்கிற தமிழ் காணும்.”

ஓம் என்றேன். நோயாளிகள் என்னதான் கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே போய் ஒரு மர வாங்கின் நுனியில் உட்கார்ந்தேன். மிஸ் ஒருவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். கேக் வேண்டாம், தொதல் வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தவர் கறுத்து உயர்ந்த, கடலில் காய்ந்த மனிதர். வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழும்பிப் போகிறபோது கதவடியில் நின்று, திரும்பி, மிகவும் பணிவாகக் கேட்டார்:

“மிஸ், இது நத்தாருக்கும் சேர்த்தோ?”

வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பிறகு அவரைக் காணவுமில்லை. இந்தக் கதையில் வரப்போகிற லோறன்ஸ் அவர் அல்ல. லோறன்ஸை நான்தான் செய்தேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் செய்யவில்லை. அதை எனக்குத் தந்துவிட்டுப் போன அந்த மனிதருக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இவை.

“நத்தார் காலத்தில் நாம் உண்ணும் பலகாரங்களில் சீனி, எண்ணெய், வெண்ணெய் ஆகியன மிகையாகக் காணப்படுகின்றன. எனவே” [எனவே எனக்கே கொட்டாவி வந்தது.]

“பேசாலைக் கடலில் அந்தப் பின்னேரச் சூரியன் ஒரு” [ஒரு என்னவாக இருந்தால் என்ன? சூரியனுக்குச் சீனி வருத்தம் இல்லை.]

“லோறன்ஸ் இருபத்தாறு வருஷமாக நத்தார் தாத்தாவாக இருக்கிறார்.”

இந்த வசனத்தில் கை நின்றது. சரி, இவரோடு போவோம்.

பேசாலையில் கோயிலுக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற மூன்று ஒழுங்கைகளுக்குச் சொந்தமாக ஒரு கரோல் குழு இருக்கிறது. இருபத்தொரு வீடுகள். திருவருகைக்காலத்தின் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபடுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய் முடித்துவிடலாம். ஓர்கனைத் தள்ளுவண்டியில் வைத்து வாசித்தபடி அன்ரனி மாஸ்ரர் முன்னுக்குப் போவார். பாடுகிற பிள்ளைகள் பின்னுக்கு. நடுவிலே, சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியும் கறுத்தப் பூட்சுமாக, கையில் மணியோடு லோறன்ஸ்.

மற்ற நாளில் அவர் பதினெட்டரை அடி வள்ளமொன்றின் சொந்தக்காரர். அதிகம் கதைக்காதவர். ஆனால் அந்த உடுப்பைப் போட்டால் ஆடுவார், துள்ளுவார், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கோழிகளுக்கும் ஆசீர் கொடுப்பார். பேசாலையில் பிறந்து கனடாவில் இருக்கிற பிள்ளைகள்கூட நத்தாருக்கு ஃபோன் எடுத்தால் “லோறன்ஸ் மாமா இந்த வருஷமும் ஆடினவரோ?” என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஊர்வலத்துக்கு ஒரு விதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரி தாத்தாவின் தாடியை மெல்லத் தூக்கி, தன் கையாலேயே ஒரு துண்டுக் கேக்கை அவருடைய வாய்க்குள் வைக்க வேண்டும். பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். “ஒண்டு! ரெண்டு! மூண்டு!” இருபத்தொரு துண்டு. அதோடு கொக்கிஸ், பயற்றம் பணியாரம், சிவப்புச் சோடா. லோறன்ஸ் ஒருநாளும் எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

3

ஆவணி மாதத் தொடக்கத்தில் வள்ளத்தைத் தள்ளும்போது அவருக்குச் சிப்பி ஓடு குத்தியது. வலது கால், இரண்டாம் விரலுக்குக் கீழே. கடற்காரர் யாரும் இதையெல்லாம் காயம் என்று சொல்வதில்லை. உப்புத்தண்ணியில் கழுவிவிட்டு அடுத்த நாளும் தொழிலுக்குப் போனார். இரண்டு கிழமைக்குப் பிறகும் காயம் வாயைத் திறந்தபடியே இருந்தது. மூன்றாம் கிழமை காய்ச்சல். மனைவி பெற்றிசியா அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

இரத்தத்தில் சீனி இருநூற்று எண்பத்தாறு.

“இது எத்தினை வருஷமா இருக்குதோ தெரியாது ஐயா,” என்றார் டொக்டர். மருந்து கொடுத்தார், கட்டுப் போட்டார், மாதாமாதம் வரச் சொன்னார். டிசம்பர் தொடக்கத்தில் போனபோது புண்ணை நெடுநேரம் பார்த்தார். “இருபத்தெட்டாம் திகதி வாங்கோ. அதுக்குள்ள காயத் தொடங்காட்டி விரலை எடுக்கிறதைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும். இந்த மூண்டு கிழமையும் சாப்பாட்டில நீங்கள் கவனமா இருக்கிறதிலதான் எல்லாம் கிடக்கு.”

ஊருக்கு லோறன்ஸ் சொன்னது வேறு. “சிப்பி குத்தினது. மாறுது.”

ஏன் மறைத்தார்? இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெட்கம் என்று முதலில் எழுதினேன். அது முழுச் சரியில்லை.

அவரோடு ஒரே வள்ளத்தில் பதினைந்து வருஷம் தொழிலுக்குப் போனவர் றொஷான். அவருக்கும் இதே வருத்தம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். காலை எடுத்ததை றொஷான் தாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஊர் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் “பாவம்” என்றது. மீன் வாங்கப் போனால் பாவம், பூசைக்குப் போனால் பாவம். “என்ர பேரை மாத்திப்போட்டாங்கள் மச்சான்,” என்று ஒருநாள் லோறன்ஸிடம் சொன்னார். “பாவம் றொஷான் எண்டுதான் இப்ப எனக்குப் பேர்.” கொஞ்ச நாளில் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

லோறன்ஸ் பயந்தது ஊசிக்கோ கத்திக்கோ அல்ல, அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

4

“இந்த வருஷம் உடுப்பை வேற ஆரிட்டையும் குடுங்கோ,” என்றார் பெற்றிசியா. காலை நேரம். அவருடைய காலைத் தன் மடியில் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன், எனக்கென்ன?”

“உங்களுக்கு என்னவெண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“நான் தின்னமாட்டன்.”

“இருபத்தொரு பொம்பிளையள் வாய்க்குள்ள வைக்கேக்க என்னெண்டு தின்னாம வருவியள்?”

லோறன்ஸ் கூரையைப் பார்த்தார். “வேண்டாமெண்டால் ஏனெண்டு கேப்பினம்.”

“சொல்லுங்கோ.”

“சொல்லேலாது.”

“அப்ப உடுப்பைக் குடுங்கோ.”

“அதுவும் ஏலாது.”

பெற்றிசியா கட்டை முடிந்தார். கொஞ்சம் இறுக்கமாகவே முடிந்தார்.

[இந்த இடத்தில் பெற்றிசியாவை மடுவுக்கு அனுப்பி, மாதாவுக்கு முன்னால் அழவிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நல்லாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவர் மடுவுக்கு ஆவணித் திருவிழாவோடேயே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனிச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்கிற மாதிரிப் பெண் அவர். பக்கத்தைக் கிழித்தேன்.]

அடுத்த நாள் லோறன்ஸ் வள்ளம் பார்க்கக் கரைக்குப் போன பிறகு, பெற்றிசியா பக்கத்து வீட்டுச் சிசிலியாவிடம் போனார். அரை மணித்தியாலம் நின்று, நத்தார்க் குடிலுக்கு வைக்கோல் எங்கே எடுக்கலாம் என்று கதைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினார். வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தண்ணி குடித்தார். மறுபடி போனார்.

“சிசிலியா, எங்கட மனுசனுக்குச் சீனி. கால்ல புண் மாறேல்லை. விரலை எடுக்க வேண்டி வருமாம். ஞாயிற்றுக்கிழமை வரேக்கை கேக் குடாதை. வேற ஏதும் வை. நான் சொன்னதெண்டு அவருக்குத் தெரியப்படாது.”

சிசிலியா வாயில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, இந்தக் கதையிலேயே மிக முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

“வேற என்னத்தையடி வைக்கிறது?”

பெற்றிசியா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க, அந்தக் கேள்வியும் கூடவே ஏறி இறங்கியது. கடைசியில் சனிக்கிழமை காலை, லோறன்ஸ் கரையில் நிற்கிற நேரமாகப் பார்த்து, எட்டொன்பது பெண்கள் பெற்றிசியாவின் முற்றத்தில் கூடிவிட்டார்கள்.

“கடலை அவிப்பம். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டால் ஆர் வேண்டாமெண்டுறது?”

“நான் கச்சான் கடலை வறுக்கிறன். உப்புக் கனக்கப் போடமாட்டன்.”

“எங்கட வீட்டில பனங்கிழங்கு கிடக்கு.”

“அது மாப்பொருள். ஒரு சின்னத் துண்டு மட்டும் வை. கிளினிக்கில மிஸ் சொன்னவ.”

“கொய்யாக்காய்? நல்லாப் பழுக்காதது?”

“அது நல்லம்.”

“நான் முட்டை அவிக்கிறன்,” என்றார் மதுஷிகா. கலியாணம் முடித்து ஒரு வருஷம்தான். சமையல் வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

“நத்தாருக்கு ஆரும் முட்டை அவிப்பினமோடி!”

“ரிபன் கட்டி வைக்கிறன் அக்கா.”

பெற்றிசியா நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாராம்.

5

ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

ஒருவருடைய வருத்தத்தை அவருக்குத் தெரியாமல் இருபது வீட்டுக்குச் சொல்லலாமா? மனைவியாக இருந்தாலும்? கால் அவருடையது. வருத்தம் அவருடையது. அதை மறைக்கிற உரிமையும் அவருடையதுதானே?

நான் இதில் இரண்டு நாள் மாட்டுப்பட்டு நின்றேன். பெற்றிசியாவைக் கொஞ்சம் நல்லவராக்கலாமென்று, அவரைச் சிசிலியாவிடம் மட்டும் சொல்லவைத்து, மிச்சத்தைச் சிசிலியாவின் வாயில் போட்டுப் பார்த்தேன். அது கோழைத்தனம், அவருடையதல்ல, என்னுடையது.

எழுதினவரைக்கும் டிலோஜினி மிஸ்ஸிடம் வாசித்துக் காட்டினேன். (அவர் கேட்டது துண்டுப்பிரசுரம் என்பதை மறக்காமல் எனக்கு ஞாபகப்படுத்தினார்.) பிறகு சொன்னார்: “நான் சொல்லியிருந்தால் என்ர வேலை போயிருக்கும். போகத்தான் வேணும். அவ சொன்னதால அவவின்ர மனுசன் அவவோட கதைக்காமலே விடலாம். அது தெரிஞ்சுதானே சொன்னவ? தெரிஞ்சு சொன்னவவிட்டை நான் என்னத்தைக் கேக்கிறது?”

சரியா பிழையா என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. தெரிந்துதான் செய்தார் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை.

உடுப்பைப் போட்டபோது வயிற்றுக்கு ஒரு தலையணை தேவைப்பட்டது. அவ்வளவு மெலிந்திருந்தார். பூட்சுக்குள் கட்டுப் போட்ட கால் கொஞ்சம் நெருக்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வாய்க்குள் வைப்பதைக் கன்னத்தில் ஒதுக்கி, ஒழுங்கையில் திரும்பும்போது கைலேஞ்சியில் துப்பிவிடுவது. இருபத்தொரு தரம். [இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் மிகவும் அன்பு வந்தது. தின்னக்கூடாது என்று மனிதர் உண்மையாகவே நினைத்திருக்கிறார்.]

முதல் வீடு சிசிலியா. பாட்டு முடிந்தது. லோறன்ஸ் வழக்கம்போலக் கண்ணை மூடி வாயைத் திறந்தார். தாடி தூக்கப்பட்டது. வந்தது கேக் அல்ல. உறைப்பாக, சின்னச் சின்னதாக, ஒரு கரண்டி கடலை.

“ஒண்டு!” என்றார்கள் பிள்ளைகள்.

கேக் இன்னும் வேகவில்லைப்போல என்று நினைத்துக்கொண்டார். மென்றார். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது வீட்டில் ஒரு கீற்றுக் கொய்யாக்காய். மூன்றாவது மதுஷிகா. தட்டில் கோழிமுட்டை ஒன்று, நடுவில் சிவப்பு ரிபன் கட்டி, தலையில் சாமந்திப் பூ ஒன்றும் செருகி. பிள்ளைகள் எண்ணுவதை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோறன்ஸ் கண்ணைத் திறந்து முட்டையைப் பார்த்தார். மதுஷிகாவைப் பார்த்தார். மதுஷிகா அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம்தான், பிறகு அவசரமாக நிமிர்ந்தார்.

அவருக்கு விளங்கிவிட்டது.

முட்டையை வாங்கிக்கொண்டு, “போங்கோ, வாறன்,” என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, மதுஷிகா வீட்டு மதிலுக்குப் பின்னால் போய் ஃபோனை எடுத்தார்.

“நீயோ?”

“ஓம்,” என்றார் பெற்றிசியா. எதைக் கேட்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

“எத்தினை வீட்டை சொன்னனீ?”

“எல்லா வீட்டையும்.”

“என்ர மானத்தைக் கொண்டுபோய் ஒழுங்கை ஒழுங்கையாக் கொட்டிப்போட்டு வந்திருக்கிறாய்.”

“உங்கட மானம் எனக்கு வேண்டாம்,” என்றார் பெற்றிசியா. “எனக்கு உங்கட கால் வேணும்.”

ஃபோன் துண்டிக்கப்பட்டது. யார் முதலில் வைத்தது என்று எனக்கும் நிச்சயமில்லை.

7

மதிலுக்குப் பின்னால் லோறன்ஸ் தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சொல்தான் காத்திருக்கும். சிசிலியாவின் கடலையும் அதுதான், இந்த முட்டையும் அதுதான். ஊர் அவரைப் பார்த்துச் சொல்லாமல் வாய்க்குள் வைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். உடுப்பைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக்கும் போக மனமில்லை.

[என் முதற்படியில் அவர் போய்விட்டார். கரைக்குப் போய் வள்ளத்தில் இருந்து அழுதார். கடல், அலை, தாடி தண்ணியில் மிதக்கிறது, இன்னும் என்னென்னவோ. அது எனக்குப் பிடித்திருந்தது; அவருக்குப் பிடிக்கவில்லை. காலில் புண்ணோடு ஒருவர் ஏன் உப்புத்தண்ணிக்குப் போகிறார்?]

அவர் நின்ற இடத்திலிருந்து அடுத்த வீட்டின் பின்பக்கம் தெரியும். றஸ்னாவின் வீடு. கணவர் அப்துல் றசாக் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். லோறன்ஸின் மீன் இருபது வருஷமாக அவருக்குத்தான். கரோல் குழு அந்த வீட்டுக்கு முன்னாலும் நின்று ஒரு பாட்டுப் பாடாமல் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் தட்டு நிறைய மஸ்கற் என்கிற அல்வா வரும். எண்ணெய் வழுக்கி மினுங்குகிற மஸ்கற்.

அப்துல் றசாக் பின்கதவால் வெளியே வந்தவர் மதிலோரத்தில் சிவப்பு உடுப்பைக் கண்டார். வேலியடிக்கு நேராக வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

லோறன்ஸ் குனிந்துகொண்டார். வரப்போகிறது, என்று நினைத்தார்.

“டேய் லோறன்ஸ்! உனக்கு நான் என்னடா செய்தனான்?”

“என்ன?”

“உன்ர மனுசி வந்து எங்கட மனுசியிட்டை உன்ர காலைப் பற்றிச் சொன்னது புதன்கிழமை. வியாழக்கிழமை இவள் என்னை இழுத்துக்கொண்டுபோய் ரத்தம் எடுத்தாள். எனக்கும் இருக்காம்! அண்டையிலயிருந்து தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, மஸ்கற் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலு நாளா வெள்ளரிக்காய் திண்டுகொண்டிருக்கிறன், ஆடு மாதிரி! எல்லாம் உன்னாலைதான்!”

றஸ்னா பின்னாலேயே வந்தார். “அவர் கிடக்கிறார், நீங்கள் முன்னுக்கு வாங்கோ அண்ணன். உங்களுக்கு வெள்ளரிக்காயும் மோரும் வச்சிருக்கிறன். இவருக்கும் அதுதான். ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுப்பிடிச்சுக் குடியுங்கோ.”

லோறன்ஸ் நாலு மாதமாகப் பயந்து காத்திருந்த சொல் வரவில்லை. வந்தது ஏச்சு. சிநேகிதன் சிநேகிதனுக்குக் கொடுக்கிற, மடி நிறைந்த, நல்ல ஏச்சு. வயிற்றுத் தலையணை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணி வந்தது. அதைத் துடைக்கக் கையிலிருந்த பஞ்சுத் தாடி உதவியது.

“உனக்கு எத்தினை?” என்று கேட்டார்.

“இருநூற்று நாப்பது.”

“எனக்கு இருநூற்று எண்பத்தாறு,” என்றார் லோறன்ஸ். நாலு மாதத்தில் முதல் தடவையாக வேறொரு மனிதரிடம் அந்த இலக்கத்தைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

8

அதற்குப் பிறகு அவர் ஆடினார். பூட்சு நெருக்கியதால் துள்ளவில்லை. நின்ற இடத்தில் இடுப்பை ஆட்டினார். பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடித்தது.

(இனிப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் “எனக்கும் இருக்கு அண்ணன்” என்று சொல்வதாக எழுத ஆசை வந்தது. பதினேழு வீடு, பதினேழு பேர். அடக்கிக்கொண்டேன். இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள். ஒருவர் தாடியைத் தூக்குகிற சாட்டில் காதுக்குள் சொன்னார். மற்றவர் அன்ரனி மாஸ்ரர். ஓர்கனை நிறுத்தாமலே சொன்னார். ஒரு வீட்டில் வெறுமனே “பாவம்” என்றும் சொன்னார்கள். லோறன்ஸ் அதைக் கேட்டார். கச்சானோடு சேர்த்து மென்று விழுங்கினார். நினைத்த அளவு கசக்கவில்லை.)

எட்டாவது, ஒன்பதாவது வீட்டளவில் அவருக்கு வேறொன்று மனதில் பட்டது. இந்தக் கடலை நேற்றே ஊறப்போட்டிருக்க வேண்டும். இந்தக் கொய்யாவைப் பழுக்குமுன் யாரோ தேடிப் பிடுங்கியிருக்க வேண்டும். நத்தார் கிழமையில், கேக்கும் கொக்கிசும் செய்து முடிக்க நேரம் காணாத பெண்கள், இதற்கென்று இன்னொரு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். இத்தனை அடுப்படியிலும் தன்னுடைய ஒரு கால்விரலை நினைத்து ஏதோ அவிந்திருக்கிறது, வறுபட்டிருக்கிறது. யோசிக்க யோசிக்க அவருக்கு நெஞ்சு நிறைந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு வீடு குனிந்து கும்பிட்டார். தாத்தா ஏன் கும்பிடுகிறார் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

9

இருபத்தோராவது வீடு.

இது கரைக்குப் போகிற கடைசி வீடு. அங்கே வைகாசியில்தான் மேரிசெல்வி என்கிற பெண் கலியாணம் முடித்து வந்திருந்தார். ஊர் பாப்பாமோட்டை, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவன் நிரோஷன் இறால் தொழில். பெற்றிசியா அந்த வீட்டுக்குப் போன மூன்று தடவையும் மேரிசெல்வி தாய் வீட்டில் இருந்தார். அதனால் சொல்லப்படாமல் விட்ட ஒரே வீடு அது. (“எல்லா வீட்டையும்” என்று பெற்றிசியா ஃபோனில் சொன்னது கோபத்தில்.)

பாட்டு முடிந்ததும் மேரிசெல்வி வெளியே வந்தார். கையில் தட்டு. தட்டில் கேக். நடுவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலே வெள்ளை ஐசிங்கால் ‘வருக’ என்று எழுதியிருந்தது. ‘க’வுக்கு இடம் போதாமல் ஓரத்தில் வழிந்தது.

“மொத தடவ செஞ்சிருக்கேன் மாமா,” என்றார். “எங்க வீட்டுக்கு நீங்க வர்றதும் மொத தடவ. நேத்துலேர்ந்து தூங்கவே இல்ல.”

பிள்ளைகள் “இருபத்தி...” என்று தொடங்கி நிறுத்தினார்கள். எல்லாரும் லோறன்ஸைப் பார்த்தார்கள். மேரிசெல்வி ஒரு பெரிய துண்டை வெட்டினார்.

[தின்கிறார். கதை இனிமையாக முடிகிறது, விரலும் அதோடு முடிகிறது.]

[மறுக்கிறார். தட்டைப் பிடித்த கை இறங்குகிறது. புதிதாக வந்த ஊரில் முதல் நத்தார்.]

[கன்னத்தில் ஒதுக்கி, கைலேஞ்சி] இல்லை. இன்றைக்கு அது முடியாது.

லோறன்ஸ் தாடியைக் கழற்றினார். இருபத்தாறு வருஷத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் அதை அவர் கழற்றியதேயில்லை. (“லோறன்ஸ் மாமாதான் எண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும்,” என்றது ஒரு பெண் குழந்தை.)

“பிள்ளை,” என்றார். “எனக்குச் சீனி வருத்தம். கால்ல புண். இதைத் திண்டனெண்டால் விரலை எடுத்துப்போடுவினம். ஆனா உன்ர கேக்கைத் தொடாமப் போகவும் எனக்கு மனமில்லை.”

கேக்கின் ஓரத்தில் நகமளவு கிள்ளினார். வழிந்த ‘க’ இருந்த பக்கமல்ல. ஐசிங் படாத பக்கம். வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

“நல்லாயிருக்கு.”

மேரிசெல்வி அவரைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். “நெசமாவா? நடுவுல உள்ள போயிருச்சே.”

“உள்ளுக்குப் போனால் என்ன? வெளியாலை வரேல்லைத்தானே?” என்றார் அன்ரனி மாஸ்ரர். எல்லாரும் சிரித்தார்கள். மேரிசெல்வியும்.

“அப்ப இவ்வளவு தூரம் வந்தவருக்கு நான் என்னதான் குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே பார்த்துக் கத்தினார். “என்னாங்க! காலையில கொண்டாந்த எறால் இருக்கில்ல?”

அடுத்த அரை மணித்தியாலமும் கரோல் குழு அந்த முற்றத்திலேயே இருந்தது. நிரோஷன் மூன்று கல் வைத்துத் தகரத்தில் நெருப்பு மூட்டினார். உப்பும் மஞ்சளும் தேசிக்காயும் பூசி இறால் சுட்டார்கள். கேக்கைப் பிள்ளைகள் ஒரு துகள் மிச்சமில்லாமல் முடித்தார்கள். நத்தார் தாத்தா தாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கதிரையில் காலை நீட்டியபடி, விரல் சுடச்சுட இறாலின் கோதை உரித்துத் தின்றார்.

“இருபத்தொண்டு!” என்றார்கள் பிள்ளைகள்.

10

உங்களை நெடுநேரம் தவிக்கவிட விரும்பவில்லை. அதனால் விரலை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டாம் திகதி டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஓரங்கள் சிவந்து, உள்ளுக்குப் புதுத் தசை வரத் தொடங்கியிருந்தது. “இப்ப எடுக்கத் தேவையில்லை. இப்பிடியே கவனமா இருங்கோ,” என்றார். மருந்தாலா, கடலையாலா, இறாலாலா என்று அவர் சொல்லவில்லை. இதை எழுதும்வரைக்கும் லோறன்ஸுக்குக் கால்விரல் பத்து.

ஆனால் கதை முடிய வேண்டிய இடம் கிளினிக் அல்ல. மேரிசெல்வி வீட்டிலிருந்து மூன்று நிமிஷ நடைதூரத்தில் இருக்கிற லோறன்ஸின் வீடு. அந்த ஞாயிறு, பொழுதுபடுகிற நேரம்.

பெற்றிசியா கிணற்றடிப் பைப்பில் பெரிய தாச்சியைக் கழுவிக்கொண்டிருந்தார். படலை திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. மதிலுக்குப் பின்னால் நடந்த அந்த ஃபோன் கதைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. லோறன்ஸ் வந்து, பூட்சைக் கழற்றி, சிவப்பு உடுப்பைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

இங்கேதான் நான் பதினொரு நாளாக நிற்கிறேன்.

“நீ செய்தது சரி” என்று எழுதினேன். அது வழக்கறிஞர் பேச்சு. அதோடு, சரியென்று அவர் இன்னும் முழுதாக நினைக்கவுமில்லை.

“மன்னிச்சுக்கொள்” என்று எழுதினேன். அந்தச் சொல்லை அவர் பாவசங்கீர்த்தனத்தில்தான் சொல்வார், அதுவும் அவசர அவசரமாக.

“நன்றி” என்று எழுதினேன். கலியாணம் முடித்த இருபத்தொன்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பெற்றிசியா அவருடைய நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பார்.

எனக்குச் சொல் கிடைக்கவில்லை. உங்களிடம் இருக்கலாம். உங்களுக்காக யாரோ ஒருநாள் உங்களிடம் கேட்காமல் ஒன்றைச் செய்திருப்பார்கள், நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள், பிறகொரு நேரம் அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி வந்து நின்றிருப்பீர்கள். அப்போது நீங்கள் சொன்னதை, அல்லது சொல்ல முடியாமல் விட்டதை, லோறன்ஸுக்குக் கொடுங்கோ. நீளமாக வேண்டாம். அவர் அதிகம் கதைக்காதவர்.

கெதியாகக் கொடுங்கோ. பெற்றிசியா பைப்பைப் பூட்டிவிட்டார். தண்ணிச் சத்தத்தில் காது கேட்காது என்றுதான் பூட்டியிருக்கிறார்.